உள்ளே என்ன இருக்கு?

என் கடைப் பலகையில் ஆறு வரிகள். ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங், திருமண அழைப்பிதழ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். ஆறாவது வரி: ‘ஓ.எஸ். போடப்படும்’. அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், மாவு மில்லில் அரிசித் தூக்கை வைப்பதுபோல லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு, “அக்கா, ஃபார்மேட் அடிச்சு வைங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்” என்று கிளம்பப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை.

“உள்ளே என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லக்கா.”

மன்னார்குடியில் இந்தக் கடையைத் திறந்து இருபத்தைந்து வருஷமாகிறது. அந்தப் பதில் ஒருதடவைகூட உண்மையாக இருந்ததில்லை. ஒன்றுமில்லை என்று சொன்ன ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருடைய கம்ப்யூட்டரில் பேத்தியின் காதுகுத்து வீடியோ இருந்தது. உரக்கடைக்காரர் ஒருவருடையதில் ஐந்து வருஷக் கணக்கு இருந்தது. கேட்காமல் அழித்திருந்தால் மறுநாள் காலையில் கடை வாசலில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இயங்குதளம் என்கிற ஓ.எஸ்., இரும்புக்கும் நமக்கும் நடுவே நிற்கிற கணக்குப்பிள்ளை. எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது, அச்சு இயந்திரத்தோடு எப்படிப் பேசுவது, எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நாம் எழுதியதும் எடுத்த படமும் அவருடைய சொத்து அல்ல, நம்முடையவை. ஆனால் சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருக்கிறது. கணக்குப்பிள்ளையை மாற்றும்போது சொத்தும் சேர்ந்து போய்விடுமோ என்பதுதான் எல்லோருக்கும் உள்ள பயம்.

பழுதே இல்லாத வண்டிக்கு எஃப்.சி. இல்லை

அந்தப் பயம் போன ஐப்பசியில் எனக்கே வந்தது. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை முடித்துக்கொண்டது. அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுபோகவில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிற பாதுகாப்பு ஓட்டைகளை இனி அடைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். பதிவு செய்துகொள்கிறவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை ஒரு வருஷத் தவணை உண்டு.

விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்றால், அது சில நிபந்தனைகள் வைக்கிறது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசஸரும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ. என் கடையில் அழைப்பிதழ் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3. எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 8 ஜி.பி. ஆக்கிய பிறகு ஒரு நாளும் என்னைக் காக்க வைத்ததில்லை. பழுதே இல்லாத வண்டிக்கு எஃப்.சி. கிடையாது என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது எனக்கு.

புது ஓ.எஸ். போட மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இருப்பதன்மேலேயே போடுவது. கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்க, விண்டோஸ் 10 இருந்த இடத்தில் 11 வந்து உட்காரும். பழையது ‘விண்டோஸ் ஓல்டு’ என்ற கோப்புறையில் ஒதுங்கி நிற்கும். பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் திரும்பிப் போகலாம். அதற்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிடும். இரண்டாவது, இடித்துவிட்டுக் கட்டுவது. கடைக்காரர்கள் ‘ஃபார்மேட் அடிக்கிறது’ என்று சொல்வது இதைத்தான். சுத்தமாக இருக்கும், எதுவும் மிஞ்சாது. மூன்றாவது, பழையதை அதன் இடத்தில் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே புதியதைக் குடிவைப்பது. கம்ப்யூட்டரைப் போட்டதும் ‘எது வேண்டும்?’ என்று கேட்கும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இதற்கு டூயல் பூட் என்று பெயர்.

நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன். காரணம், நான் அழைப்பிதழ் அடிக்கும் பேஜ்மேக்கர். 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அந்த மென்பொருள் நின்றுபோயிற்று. அதற்கு யூனிகோடு தெரியாது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில்தான் இருபத்தைந்து வருஷ அழைப்பிதழ் மேட்டர் முழுவதும் என்னிடம் இருக்கிறது. அப்பாவின் கல்யாணப் பத்திரிகை மாதிரியே தனக்கும் வேண்டும் என்று மகன் வந்து நிற்கிற ஊர் இது. பழையதை இடிக்க முடியாது. இணையத்தில் பழையதோடு உலாவவும் முடியாது. ஆகவே இன்டர்நெட், விண்ணப்பம், ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் லினக்ஸ் மின்ட் என்ற ஓ.எஸ்., பேஜ்மேக்கருக்கு மட்டும் விண்டோஸ் என்று முடிவு செய்தேன். மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். விலையும் கிடையாது.

பாகப்பிரிவினை

மன்னார்குடி மதிலழகு என்பார்கள். வட்டுக்கும் மதில்தான் அழகு. ஒரே வட்டை நான்கைந்து பாகமாகப் பிரித்து எல்லை போடுவதைப் பார்ட்டிஷன் என்கிறோம். நம் ஊர்ப் பேச்சில் பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் எது நடக்குமோ அதெல்லாம் இதிலும் நடக்கும். எல்லை தவறினால் வழக்குப் போடக்கூட ஆள் இருக்காது.

எந்தப் பாகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று எழுதி வைத்திருக்கும் பத்திரம் வட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. பழைய முறையில் அது 512 பைட் கொண்ட ஒரே துண்டு. அதற்குள் 446 பைட், கம்ப்யூட்டரை எழுப்புகிற சிறு நிரலுக்கு. 64 பைட் பாக விவரத்துக்கு. ஒரு பாகத்துக்கு 16 பைட் வீதம் நான்கே பாகம்தான் எழுத முடியும். இப்போதைய ஜி.பி.டி. முறையில் 128 பாகம் வரை எழுதலாம். அதைவிட முக்கியம், பத்திரத்தின் நகல் ஒன்று வட்டின் கடைக்கோடியிலும் இருக்கும்.

யோசிக்காமல் ஒரு பாகத்தை அழித்தால் என்ன ஆகும் என்று 2012-இல் இந்த ஊர்ப் பையன்கள் எனக்குக் காட்டினார்கள். அதற்கு முந்தைய வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. டூயல் பூட் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே எத்தனையோ பிள்ளைகள் கையில் ஒரு டூயல் பூட் கணினி இருந்தது.

அதில் சிலர் செய்த முதல் காரியம், விண்டோஸுக்குள் இருந்துகொண்டே பாஸ் இருந்த பாகத்தை அழித்ததுதான். சினிமா வைக்க இடம் வேண்டுமே. மறுநாள் லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரை, ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று இரண்டு சொல், பக்கத்தில் மினுக்கும் கோடு. க்ரப் என்பது வாசல்காரர். எந்த ஓ.எஸ். வேண்டும் என்று கேட்டு உள்ளே அனுப்புகிற நிரல். அதன் தலை வட்டின் தொடக்கத்தில் இருந்தது. உடம்போ, அழித்துவிட்ட பாஸ் பாகத்துக்குள் இருந்தது. விண்டோஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வழி சொல்ல வேண்டிய ஆள்தான் இல்லை.

“அக்கா, லேப்டாப் செத்துப்போச்சுக்கா. அப்பாவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவாரு.”

விண்டோஸ் சிடியிலிருந்து எழுப்பி, பழுதுநீக்கும் பகுதிக்குப் போய், தொடக்க நிரலை மறுபடி எழுதும் ஒருவரிக் கட்டளையைக் கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன். அழுத பையன்களிடம் வாங்கவில்லை.

இதிலிருந்தே இன்னொரு விதியும் புரியும். இரண்டு ஓ.எஸ். போடுவதாக இருந்தால் விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. பழைய முறை வட்டுகளில் பின்னால் வருகிற விண்டோஸ், வாசலில் இருக்கிறவரைப் பார்த்து யார் என்று கேட்காது. தன் ஆளைப் போட்டுவிடும். லினக்ஸ் பக்கத்து வீட்டையும் விசாரித்துப் பட்டியலில் சேர்க்கும்.

நான் அழித்தது

பையன்களைச் சொல்வதற்கு எனக்கு அருகதை இருக்கிறதா என்றால், 2009-ஐச் சொல்ல வேண்டும். லினக்ஸ் சிடி கேட்டால் தபாலில் இலவசமாக வீட்டுக்கே அனுப்பிய காலம் அது. யாரோ கொடுத்த ஒரு சிடியைப் போட்டேன். இடம் எப்படி ஒதுக்குவது என்ற கேள்வி வந்தது. ‘முழு வட்டையும் பயன்படுத்து’ என்பதை அழுத்தினேன். முழு வட்டு என்றால் சி டிரைவ் முழுவதும் என்று நினைத்துக்கொண்டேன். மேட்டரெல்லாம் டி டிரைவில் இருக்கிறதே என்று தைரியம். சி, டி என்பதெல்லாம் விண்டோஸ் வைத்த செல்லப் பெயர்கள், இரண்டும் ஒரே வட்டின் இரண்டு பாகங்கள் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. எட்டு வருஷ அழைப்பிதழ் பதினைந்து நிமிஷத்தில் போயிற்று. மென்பொருள்மேல் குற்றமில்லை. அது கேட்டது, நான் சரி என்றேன். ட்ரேசிங் பேப்பரில் எடுத்து வைத்திருந்த பிரதிகளைப் பார்த்துப் பார்த்து மறுபடி டைப் அடித்தே ஒரு வருஷம் போனது.

லினக்ஸை உருவாக்கியவரும் இதைச் செய்தவர்தான் என்று பின்னால் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற ஓ.எஸ்.ஸின் பக்கத்திலேயே தன் புது நிரலை வளர்த்துவந்தார். ஒருநாள் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய டயல் கட்டளையை வன்வட்டுக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பாகம் கெட்டுப்போனது. அதைத் திரும்பப் போடாமல் தன் லினக்ஸிலேயே குடியேறிவிட்டார். அவருக்கு அந்த விபத்து லாபம். எனக்கு அதில் கிடைத்தது ‘உள்ளே என்ன இருக்கு?’ என்ற கேள்வி.

முக்கால்வாசி வேலை முன்னால்தான்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினேன். என்னிடம் பாலிடெக்னிக் முடித்த பையன் ஒருவன் வேலை பார்க்கிறான். அவன் என் குரலிலேயே கேட்டான்: “உள்ளே என்ன இருக்கு?”

“எல்லாம் எடுத்தாச்சுடா. மேட்டர், டாக்குமென்ட், டெஸ்க்டாப்பு.”

“ஃபான்ட்டு?”

வாயடைத்துப்போனேன். தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்கு உள்ளே ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்தில் இருந்தன. அவை வந்த சிடி எப்போதோ கீறல் விழுந்துவிட்டது. விற்ற கடையும் இன்று இல்லை. எழுத்துரு போனால் மேட்டர் இருந்தும் பயனில்லை, திருமண அழைப்பிதழ் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

“பக்கத்துலதானேடா போடப்போறோம், விண்டோஸ் அப்படியே இருக்குமே.”

“நம்ம கணக்குப்படி நடந்தா இருக்கும்க்கா.”

அவன் சொன்னது சரி. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்தோம். நகல் எடுத்தது திறக்கிறதா என்று நான்கைந்து கோப்புகளைத் திறந்தும் பார்த்தோம். திறந்து பார்க்காத நகலை நகல் என்று சொல்லக் கூடாது.

அடுத்தது, விண்டோஸை உண்மையாகவே அணைப்பது. விண்டோஸ் 8-இலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் பாதி நினைவை வட்டில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும், நான் ஷட்டரைப் பாதி இறக்கியதுபோல. அந்த நேரத்தில் லினக்ஸ் அதே பாகத்தைத் திறந்து எழுதினால் கோப்புகள் கெடலாம். அதனால் லினக்ஸ், படிக்க மட்டும்தான் விடுவேன் என்று நிற்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் பகுதியில் அதை நிறுத்திவிட வேண்டும். புது லேப்டாப்பாக இருந்தால் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பூட்டியிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடாதீர்கள். தொடக்க அமைப்பில் கை வைத்ததும் அது அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

பிறகு இடம் ஒதுக்குவது. என் எஸ்.எஸ்.டி. பெட்டியில் 240 ஜி.பி. என்று இருந்தது, விண்டோஸ் 223 என்கிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போய் சி டிரைவைச் சுருக்கச் சொன்னேன். 90 ஜி.பி. வரை இடம் விடுவிக்க முடிந்தது. சில கோப்புகளை விண்டோஸ் நகர்த்தாது. அவை நடுவில் உட்கார்ந்திருந்தால் அதற்குமேல் சுருங்காது. பாகம் பிரிக்கும்போது நடுக்கூடத்தை விட்டு எழுந்திருக்காத பெரியவர் மாதிரி. 90 எனக்குப் போதும். அந்த இடத்தை எந்தப் பெயரும் வைக்காமல் வெற்று மனையாகவே விட்டேன்.

பென் டிரைவ் தயாரிப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மின்ட் கோப்பு ஏறத்தாழ 3 ஜி.பி. அதை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் கம்ப்யூட்டர் எழும்பாது. ரூஃபஸ் போன்ற ஒரு மென்பொருளால் எழுத வேண்டும், அப்போது பென் டிரைவில் இருந்தது எல்லாம் போய்விடும். “உள்ளே என்ன இருக்கு?” என்று இப்போது நான் கேட்டேன். அவனுடைய பென் டிரைவ். “ஒண்ணுமில்லக்கா” என்றவன், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு பாட்டுகளை எடுத்துவைத்தான்.

குடிபோகும் முன் ஒரு ராத்திரி

லினக்ஸில் எனக்குப் பிடித்த குணம், போடாமலே ஓட்டிப் பார்க்கலாம். பென் டிரைவிலிருந்து எழுப்பினால் ஓ.எஸ். அதையும் நினைவகத்தையும் வைத்தே ஓடும், வட்டைத் தொடாது. புது வீட்டில் குடிபோகும் முன் ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்பதுபோல. வைஃபை பிடிக்கிறதா, ஜெராக்ஸ் மெஷின் பிரிண்ட் எடுக்கிறதா, ஸ்கேனர் தெரிகிறதா, தமிழ்99 விசைப்பலகையில் அடிக்க வருகிறதா என்று பார்த்தேன். எல்லாம் வந்தது. உங்கள் வீட்டில் ஏதாவது வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். அணைத்துவிட்டுப் பென் டிரைவைப் பிடுங்கினால், அடுத்த முறை பழைய விண்டோஸ் பழையபடி எழும்.

அப்புறம்தான் ‘நிறுவு’. மொழி, விசைப்பலகை எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பழைய கேள்வி வந்தது. 2009-இல் வந்த அதே கேள்வி. விண்டோஸோடு பக்கத்தில் போடவா? முழு வட்டையும் அழித்துவிட்டுப் போடவா? வேறு ஏதாவதா? கை கொஞ்சம் நடுங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதை எடுத்தேன், பாகங்களைக் கண்ணால் பார்க்காமல் எனக்கு நிம்மதி வராது. பட்டியலில் 100 எம்.பி. அளவில் ஒரு சின்னப் பாகம் இருந்தது. அதில்தான் வாசல்காரர்கள் எல்லோரும் இருப்பார்கள். விண்டோஸின் வாசல்காரரும் அங்கேதான். அதைப் பயன்படுத்தச் சொல்லலாம், ஃபார்மேட் அடிக்கக் கூடாது. வெற்று மனையாக விட்ட 90 ஜி.பி.யில் மட்டும் ‘எக்ஸ்ட்4’ என்ற லினக்ஸ் முறையைத் தேர்ந்து, அதையே வேர்க் கோப்புறையாக்கினேன். லினக்ஸில் சி, டி கிடையாது. எல்லாக் கோப்பும் ஒரே வேரிலிருந்து கிளைவிடும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை வந்தது. எந்தப் பாகத்தில் என்ன மாறப்போகிறது என்று வரிவரியாக இருந்தது. யாரும் படிக்காத திரை அது. நான் இரண்டு தடவை படித்தேன், பையனை விட்டு ஒரு தடவை உரக்கப் படிக்கச் சொன்னேன். பிறகு அழுத்தினேன். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. முன்னேற்பாட்டுக்கு முக்கால் நாள், வேலைக்குக் கால் மணி.

மறுபடி எழுப்பியபோது வாசல்காரர் வந்தார். மேலே மின்ட், கீழே விண்டோஸ். பத்து விநாடி பொறுப்பார், நாம் எதையும் தொடாவிட்டால் மேலே உள்ளதைத் திறப்பார்.

ஐந்தரை மணி நேரம்

ஒரு கூத்து மிச்சமிருந்தது. பேஜ்மேக்கருக்காக விண்டோஸுக்குள் போனபோது மாலை ஆறரை. கடிகாரம் பகல் ஒன்று என்றது. ஐந்தரை மணி நேரம் காணோம்!

கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன பேட்டரியில் ஓடும் கடிகாரம் இருக்கிறது. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைத்துவிட்டு, காட்டும்போது மட்டும் நமக்கான ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளும். லினக்ஸ் எழுதியதை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று படித்தால் நாம் லண்டன் பக்கம் போய்விடுவோம். இணையம் இருந்தால் விண்டோஸ் தானே திருத்திக்கொள்ளும். நானோ, விண்டோஸில் இருக்கும்போது இணையத்தைத் துண்டித்து வைத்திருந்தேன். ஆதரவு முடிந்த ஓ.எஸ்.ஸை வெளியே விடுவதில்லை என்பது என் ஏற்பாடு. லினக்ஸுக்குள் போய், நீயும் உள்ளூர் நேரத்தையே எழுது என்று ஒருவரிக் கட்டளை கொடுத்ததும் இரண்டும் ஒத்துப்போயின.

புது அழைப்பிதழ்களை இப்போது யூனிகோடில் ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப் என்ற இரண்டு மென்பொருள்களிலும் அடித்துப் பழகிவருகிறேன். கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கின்றன. ஆனால் பழைய மேட்டர் கேட்டு வருகிறவர்களுக்குப் பேஜ்மேக்கர்தான். கார்த்திகை முகூர்த்தங்கள் முடியும்வரை தினமும் காலையில் கீழ்வரியைத் தேர்ந்து விண்டோஸைத் திறந்தேன். மார்கழி பிறந்தது. கல்யாணம் இல்லை, அழைப்பிதழ் இல்லை. பத்து விநாடி ஓடி முடிய முடிய மின்ட்தான் தானாகத் திறந்துகொண்டிருந்தது. ஒருநாள் பையன், “அக்கா, விண்டோஸைத் திறந்து இருபது நாளாச்சு. அந்த இடத்தையும் அழிச்சு மின்ட்டுக்கே குடுத்துடலாமா?” என்றான்.

“உள்ளே என்ன இருக்கு?” என்றேன்.

அவன் ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லவில்லை. தை முகூர்த்த லிஸ்ட்டை எடுத்து என் முன்னால் வைத்தான்.